கொல்லன் பட்டறையில் காவல்காரன்

மென்பொருள் எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தப் புலம்பல் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "இப்பதான் கம்பைல் பண்ணினேன், அடுத்த நொடி ஆன்ட்டிவைரஸ் அதை வைரஸ்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிடுச்சு." இல்லையென்றால், "ரெண்டு நிமிஷத்துல முடிய வேண்டிய பில்டு இழுத்துக்கிட்டே போகுது." கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "அதை ஆஃப் பண்ணிட்டாத்தான் வேலையே ஓடும்."

நான் வங்கிக்காரன். படித்தது பி.காம். எனக்குக் கோட் எழுத வராது. ஆனாலும் இந்தச் சண்டையின் கதையைத் தேடிப் படித்ததற்குக் காரணம், இது எனக்குப் பழகிய சண்டை. கவுன்டரில் வரிசை நீள்கிறது என்பவருக்கும், ஒவ்வொரு வவுச்சரையும் பார்த்துத்தான் விடுவேன் என்பவருக்கும் நடக்கும் அதே சண்டை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். அதனால்தான் அது முடிவதே இல்லை. கம்ப்யூட்டரில் இது நாற்பது வருடமாக நடக்கிறது.

சரி, கதைக்கு வருவோம்.

ஜோசியரும் கில்லாடியும்

1983 நவம்பர். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் கோஹென் என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னைத் தானே இன்னொரு நிரலுக்குள் நகலெடுத்து நுழைத்துக் கொள்ளும் ஒரு சின்ன நிரலை எழுதி, அனுமதி வாங்கி, சோதித்துக் காட்டினார். அதற்கு 'வைரஸ்' என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன். (பாதுகாப்பான இணைய வழிச் செய்திப் பரிமாற்றத்துக்கு அடித்தளமிட்ட ஆர்.எஸ்.ஏ. முறையில் 'ஏ' இவர்தான்.)

1984ல் கோஹென் ஒரு கட்டுரை எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது சோதனை இல்லை, அதற்குப் பிறகு வரும் கணக்கு. எந்த நிரலைக் கொடுத்தாலும் இது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரலை யாராலும் எழுத முடியாது என்று அவர் நிரூபித்தார். நம்ம பாஷையில் சொன்னால் இப்படி:

ஊரில் ஒரு ஜோசியர். எவனைக் காட்டினாலும் திருடனா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். ஒரு கில்லாடி மனசுக்குள் முடிவு செய்துகொண்டு அவர் முன்னால் போய் நிற்கிறான்: "இவர் என்னை நல்லவன் என்றால் திருடுவேன். திருடன் என்றால் சும்மா இருப்பேன்." ஜோசியர் எதைச் சொன்னாலும் தப்பு!

அதாவது, வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் என்று ஒரு தொழில் பிறப்பதற்கு முன்பே, அது ஒருநாளும் நூற்றுக்கு நூறு சரியாக இருக்க முடியாது என்பது முடிவாகிவிட்டது. ஒன்று சில திருடர்களை விட்டுவிடும், இல்லையென்றால் சில நல்லவர்களைப் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டும் நடக்கும்.

அதே 1984ல் இன்னொரு கட்டுரையும் வந்தது. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது பெற்றபோது நிகழ்த்திய உரை. அதன் சாரம்: ஒரு நிரலின் மூலத்தை வரிக்கு வரி படித்து நல்லது என்று முடிவு செய்தாலும் போதாது. அதை மொழிபெயர்த்து ஓடும் நிரலாக மாற்றுகிற கம்பைலர் கெட்டிருந்தால், நல்ல மூலத்திலிருந்தும் கெட்ட நிரல்தான் வெளியே வரும். கம்பைலரின் மூலத்தைப் படித்தாலும் தெரியாதபடி அதைச் செய்ய முடியும் என்று வழியையும் விளக்கினார்.

இந்த இரண்டு கட்டுரைகளையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இவை சொன்னதுதான்.

லாகூரிலிருந்து புனே வரை

பி.சி. உலகில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது 1986ல் வந்த 'பிரெயின்'. லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதியது. உள்ளே கடை விலாசமும் போன் நம்பரும் இருந்தன! தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே இதை எழுதினோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். முதல் வைரஸே ஒரு காவல்காரனாகத்தான் கிளம்பியிருக்கிறது, பாருங்கள்.

நம்ம ஊரும் சும்மா இருக்கவில்லை. 1990ல் இந்தியாவில் 'ஜோஷி' என்று ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஜனவரி 5ஆம் தேதி கம்ப்யூட்டர் நின்றுவிடும். 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டினால்தான் மேலே ஓடும் :-)

இதற்கு மருந்து தேடித்தான் இங்கேயும் கம்பெனிகள் பிறந்தன. சென்னையில் கே7 1991ல் தொடங்கியது. புனேயில் குவிக் ஹீல். அதைத் தொடங்கிய கைலாஷ் கட்கர், கால்குலேட்டர் பழுது பார்ப்பதில் ஆரம்பித்தவர். பழுதுக்கு வரும் கம்ப்யூட்டர்களில் எல்லாம் வைரஸாக இருக்க, தம்பி சஞ்சய் மருந்து எழுதினார்.

அந்தக் கால மருந்தில் பெரும்பகுதி, அங்க அடையாளம் பார்ப்பதுதான். இன்ன வைரஸுக்குள் இன்ன பைட்டுகள் வரிசையாக வரும் என்று ஒரு பட்டியல் இருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் 'தேடப்படும் குற்றவாளிகள்' படம் ஒட்டியிருப்பார்களே, அது மாதிரி. புதுத் திருடனுக்குப் படம் இருக்காது. அதனால் இன்னொரு முறையும் வந்தது: ஆளைப் பார்க்காதே, செய்கையைப் பார்.

சண்டை சூடு பிடித்தது இங்கேதான். 1993ல் வந்த எம்.எஸ்.டாஸ் 6ல் 'விசேஃப்' என்று ஒரு காவல் நிரலை மைக்ரோசாஃப்ட் சேர்த்துக் கொடுத்தது. அதில் எட்டு விதமான காவல்கள். எட்டாவது, ஓடக்கூடிய நிரல்களை (இ.எக்ஸ்.இ. கோப்புகளைத்தான் சொல்கிறேன்) யாராவது மாற்ற வந்தால் எச்சரிப்பது. வைரஸ் செய்வது அதைத்தானே, நல்ல காவல்தான். ஆனால் அந்த எட்டாவது காவலை அணைத்து வைத்தே கொடுத்தார்கள். வேண்டுமென்றால் நீங்களாகப் போட்டுக் கொள்ள வேண்டும்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். இ.எக்ஸ்.இ. கோப்பை மாற்றி எழுதுவது வைரஸ் மட்டுமா? டர்போ சி வைத்துக்கொண்டு ஒரு மாணவன் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை அதைத்தான் செய்வான்.

பட்டறை வேலை

கொல்லன் பட்டறை வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்துங்கள். "இரும்பைக் காய்ச்சிக் கூர்மையாக அடிப்பவனைக் கண்டால் பிடி, அது கன்னக்கோலாக இருக்கும்" என்று உத்தரவு போடுங்கள். பட்டறையில் ஒரு அரிவாள் கூட வெளியே வராது. காவல்காரன் மேலும் குற்றமில்லை, கொல்லன் மேலும் குற்றமில்லை.

கம்பைலர், டீபக்கர் போன்ற கருவிகளின் நிலைமை இதுதான். கம்பைலர் உலகத்தில் யாரும் இதுவரை பார்த்திராத ஒரு நிரலைப் புதிதாக உண்டாக்குகிறது. 'இதுவரை பார்க்காதது' என்பதே காவல்காரன் கண்ணில் சந்தேகம். டீபக்கர் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலின் நினைவகத்துக்குள் கை விட்டுப் பார்க்கிறது. கடவுச்சொல் திருடுகிறவனும் அதைத்தான் செய்கிறான்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என்று தமிழ்த் தட்டச்சுக் கருவிகள் போட்டுத்தானே நம்மில் பலர் ஊர் விட்டு வந்த இடத்தில் தமிழ் எழுத ஆரம்பித்தோம்? நாம் 'அம்மா' என்று அடிக்கும்போது, விசைகளை வழியிலேயே பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருவது அந்த வகைக் கருவியின் வேலை. விசைகளை வழியிலேயே பிடித்துக் கடவுச்சொல்லைத் திருடுவது கீலாக்கரின் வேலை. கை வைக்கும் இடம் ஒன்று, எண்ணம் வேறு. எண்ணத்தை ஸ்கேன் பண்ண மென்பொருள் இல்லை.

அடுத்தது நேரம். இப்போதைய காவல் நிரல்கள், ஒரு கோப்பைத் திறக்கும்போதும் எழுதி மூடும்போதும் குறுக்கே நின்று பார்க்கின்றன. நீங்களும் நானும் ஒரு நாளில் நாலு கோப்பு திறப்போம், உறைக்காது. ஒரு மென்பொருளைக் கட்டும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் திறந்து, எழுதி, பெயர் மாறி, அழிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை என்றால்?

வெறும் தாமதம் மட்டுமில்லை. கருவி ஒரு கோப்பை இப்போதுதான் எழுதி முடித்து, அதற்கு வேறு பெயர் வைக்கப் போகிறது. அந்த இடைவெளியில் காவல்காரன் கோப்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அனுமதி இல்லை" என்று விண்டோஸ் சொல்லிவிடும், வேலை பாதியில் நிற்கும். மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும். பிள்ளைகள் முடியைப் பிய்த்துக் கொள்வது இந்த மாதிரிக் கோளாறில்தான். நோட்.ஜே.எஸ். உலகில் ஏராளமான மென்பொருள்கள் சார்ந்திருக்கும் 'கிரேஸ்ஃபுல் எஃப்.எஸ்.' என்ற நிரல்தொகுப்பில் இதற்கென்றே சில வரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் பெயர் மாற்றம் தோற்றால், ஆன்ட்டிவைரஸ் பிடித்து வைத்திருக்கலாம், 60 விநாடி வரை திரும்பத் திரும்ப முயன்று பார் என்று. காவல்காரன் பார்த்து முடிக்கட்டும் என்று கதவுக்கு வெளியே நிற்பதையே நிரலாக எழுதிவிட்டார்கள்.

நல்லவனைப் பிடித்த கதைகள்

2009 மே மாதம், விண்டோஸுக்குச் சின்னச் சின்னக் கருவிகள் எழுதி இலவசமாகத் தரும் நிர் சோஃபர் என்பவர் ஒரு நீண்ட குமுறலை எழுதினார். ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகள் தன்னைப் போன்ற சிறு ஆட்களுக்குப் பெரிய தலைவலி, ஒரு கம்பெனியிடம் சொல்லிச் சரி செய்தால் இன்னொன்று பிடிக்கிறது என்று. கூகுளின் 'கோ' மொழிக்கான கேள்வி-பதில் பக்கத்திலேயே, 'என் நிரலை ஆன்ட்டிவைரஸ் ஏன் வைரஸ் என்கிறது?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. அது பெரும்பாலும் தப்பான எச்சரிக்கை என்பதுதான் அங்கே பதில்.

பெரியவர்களும் தப்பவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் தினசரிப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்க அலுவலகங்களில் கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எழுந்தன. 2011 செப்டம்பர் 30 அன்று மைக்ரோசாஃப்டின் காவல் நிரல், கூகுள் குரோமை வங்கிக் கணக்குத் திருடும் 'ஜீயஸ்' வகை என்று சொல்லி நீக்கியது. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய சொந்தப் புதுப்பிப்பு நிரலையே வைரஸ் என்று பிடித்தது!

கூகுள் மாதிரி ஆள் என்றால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். தனி ஆளாக ஒரு நிரல் எழுதி ஊருக்கு இலவசமாகத் தருபவருக்கு? பதிவிறக்கியவர் கண்ணில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை பட்டால், அதோடு அவர் பெயர் கெட்டது. மேல்முறையீட்டுக்கு ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது, பிள்ளைகள் சொல்வது சரிதானே, அணைத்துவிட்டு வேலை பார்க்கட்டுமே என்று தோன்றும். எனக்கும் இந்த இடம் வரை தோன்றியது. கதையின் மறுபாதி அதைத் திருப்பிப் போட்டது.

விலக்கு என்ற வாசல்

எல்லாக் காவல் நிரல்களிலும் விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. இந்த அடைவுக்குள் சோதிக்காதே, இந்தக் கருவியைத் தொடாதே என்று எழுதி வைக்கலாம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் பட்டறையை அதில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்.

2009 ஆகஸ்டில் 'இண்டக்' என்று ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அது எல்லாக் கம்ப்யூட்டரையும் சீண்டவில்லை. டெல்பி என்ற மென்பொருள் உருவாக்கும் கருவி (4 முதல் 7 வரையிலான பதிப்புகள்) இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் அதன் அடிப்படைக் கோப்பு ஒன்றில் புகுந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் உருவாகும் ஒவ்வொரு நிரலும் வைரஸோடுதான் பிறக்கும். எழுதியவர் மூலத்தை எத்தனை தடவை படித்தாலும் ஒன்றும் தெரியாது. தாம்சன் 1984ல் சொன்ன பயத்துக்கு நெருங்கிய உறவு. இதில் ஒரு வேடிக்கை, வங்கிக் கணக்கைத் திருடுவதற்காக டெல்பியில் எழுதப்பட்ட நிரல்களிலும் இண்டக் இருந்தது. திருடன் வீட்டுப் பட்டறையிலும் திருட்டு!

இண்டக் பரவுவதைத் தவிர வேறு கெடுதல் செய்யவில்லை. பின்னால் வந்தவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. ஐபோன் செயலிகள் எழுதும் கருவி எக்ஸ்கோட். சீனாவில் ஆப்பிள் தளத்திலிருந்து அதை இறக்க நேரமானதால், பலர் உள்ளூர்த் தளங்களில் கிடைத்த நகலை எடுத்துக்கொண்டார்கள். அந்த நகலில் கலப்படம். 2015 செப்டம்பரில் விஷயம் வெளியே வந்தபோது வீ-சாட் உள்பட பல செயலிகளுக்குள் அது போயிருந்தது.

2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் விவகாரம் எல்லாவற்றுக்கும் உச்சம். பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் அந்தக் கம்பெனியுடையது. ஊடுருவியவர்கள் அதன் பட்டறைக்குள், மென்பொருள் கட்டப்படும் கம்ப்யூட்டரிலேயே ஒரு நிரலை உட்கார வைத்தார்கள். கட்டும் வேலை ஆரம்பிக்கும் வரை அது காத்திருக்கும். ஆரம்பித்ததும் ஒரு மூலக் கோப்பை மாற்றி வைக்கும். வேலை முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துவிடும். கம்பெனியின் கையெழுத்தோடு, முறையான புதுப்பிப்பாக, சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போனது. அமெரிக்க அரசுத் துறைகளும் அதில் அடக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மென்பொருள் ஒழுங்காக ஓட இன்னின்ன அடைவுகளை ஆன்ட்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வையுங்கள் என்று அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. விலக்காமல் இருந்தால் பிடிபட்டிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கையெழுத்திட்டு வந்த புது ஆள், எந்தப் பட்டியலிலும் அதன் படம் இல்லை. ஆனால் உள்ளே வந்தவனுக்கு, காவல் இல்லாத அறை எது என்பது எழுத்திலேயே கிடைத்தது.

எங்கள் தொழிலில் இது பழைய பாடம். பெரிய மோசடிகள் பலவும் விதியை உடைத்து நடப்பதில்லை. 'இவருக்கு மட்டும் இது தேவையில்லை' என்று எப்போதோ ஒரு நல்ல காரணத்துக்காகக் கொடுத்த விலக்கின் வழியாகவே நடக்கும். காரணம் போன பிறகும் விலக்கு நிற்கும். அதை யார் கொடுத்தது என்று கேட்டால், மாற்றலாகிப் போனவர் பெயரைச் சொல்வார்கள்.

வேலியே சாய்ந்த நாள்

காவல் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நாள் வந்தது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம்ம நேரம் காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்னப் பட்டியல் கோப்பை அனுப்பியது. 21 தகவல்கள் வரும் என்று அது எதிர்பார்க்க, உள்ளே இருந்த நிரல் கொடுத்தது 20. அவ்வளவுதான். காவல் நிரல் விண்டோஸின் மையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால், அது விழுந்தபோது கம்ப்யூட்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 10 வங்கி, நிதி நிறுவனங்களில் சிறு பாதிப்பு மட்டுமே என்று ரிசர்வ் வங்கி அன்றே சொன்னதில் எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. 2021 ஜனவரியில், சோலார்விண்ட்ஸ் பட்டறைக்குள் உட்கார்ந்திருந்த அந்த நிரலை ஆராய்ந்து உலகுக்கு விளக்கியதும் இதே கிரவுட்ஸ்ட்ரைக்தான். கெட்டிக்காரக் காவல்காரனுக்கும் கால் இடறும்.

இப்போது எங்கே நிற்கிறோம்?

இரண்டு தரப்பும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. 2023ல் மைக்ரோசாஃப்ட், மென்பொருள் எழுதுபவர்களுக்கென்று விண்டோஸ் 11ல் 'டெவ் டிரைவ்' என்று ஒரு தனிப் பகுதி கொண்டு வந்தது. அங்கே காவல்காரன் வாசலில் மறிப்பதில்லை. உள்ளே விட்டுவிட்டு, வேலை நடக்கும்போதே பின்னால் வந்து பார்க்கிறான். சோதனை ரத்தாகவில்லை, தள்ளிப் போகிறது. 2024 விபத்துக்குப் பிறகு, காவல் நிரல்களை விண்டோஸின் மையத்திலிருந்து வெளியே எடுக்கும் ஏற்பாட்டையும் 2025 ஜூனில் அறிவித்தார்கள்.

ஜோசியருக்கும் கில்லாடிக்கும் நடக்கும் போட்டி இதனால் முடியப் போவதில்லை. கோஹென் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அதனால் வீட்டில் மென்பொருள் எழுதும் பிள்ளையிடம் "அதை அணைக்காதே" என்று மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர்கள் கஷ்டம் நிஜம். நான் சொல்வது நாலே விஷயம், நாலும் எங்கள் தொழிலில் அன்றாடம் செய்வதுதான்:

1. விலக்கு கொடுப்பதானால் அந்த ஒரு வேலைக்கான அடைவுக்கு மட்டும் கொடு. முழு டிரைவுக்கும், இணையத்திலிருந்து இறக்கும் கோப்புகள் வந்து விழும் அடைவுக்கும் ஒருநாளும் கொடுக்காதே.

2. கருவிகளை அவற்றைச் செய்தவர் தளத்திலிருந்தே எடு. நேரமானாலும் பரவாயில்லை. எக்ஸ்கோட் கதையை நினைத்துக்கொள்.

3. நல்ல நிரலைத் தப்பாகப் பிடித்தால் அந்தக் காவல் மென்பொருள் கம்பெனிக்கு எழுது. அதற்குத் தனிப் படிவமே வைத்திருக்கிறார்கள். உனக்கு மட்டுமில்லை, அதே கருவியை வைத்திருக்கும் அடுத்தவனுக்கும் அது உதவும்.

4. என்றைக்கு, எதற்காக விலக்கு கொடுத்தாய் என்று ஒரு வரி எழுதி வை. வேலை முடிந்த அன்றே விலக்கையும் எடுத்துவிடு.

நாலாவதைத்தான் யாரும் செய்வதில்லை. வங்கியிலும் அப்படித்தான் :-)